சத்தம் மட்டும் வந்த வீடியோ

என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். இல்லாவிட்டால் யாராவது முந்திக்கொண்டு வேறொரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வார்த்தைக்காகக் கல்யாண வீட்டுப் பந்தியில் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். அவள் பேசாதவள் இல்லை. கையால் பேசுவாள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவள் களை எடுக்கும்போதுதான் எங்கள் வீடு அமைதியாக இருக்கும், கை இரண்டும் மண்ணில் இருக்குமே, அதனால்.

எங்கள் வீடு கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் இருக்கிறது, இங்கே ஊர்த்தொகுதியை நாடு என்போம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி கொஞ்சம், அதன் நிழலில் காபி, கீழே பள்ளத்தில் மரவள்ளி. அது போக, மலைமேல் கடைத்தெரு இருக்கிற செம்மேட்டில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, பட்டா சிட்டா எடுத்துத் தருவது, ஆதாரில் பேர் திருத்துவது. கம்ப்யூட்டரில் ஏதாவது மக்கர் செய்தால் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு லீவில், அம்மா சாமைச் சோறு ஆக்குவதைப் போனில் வீடியோ எடுத்தாள். அவள் அம்மா கையாலேயே பக்குவம் சொல்ல, நான் பின்னால் நின்றுகொண்டு அதை வாயால் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் போடுகிற இடத்திலேயே அதை நாங்களும் போட்டோம். எங்கெங்கோ இருக்கிற காது கேளாதவர்கள் பார்த்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டு எழுதினார்கள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் போனை வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படிப்பாள். அப்படிப் படிக்கும்போதுதான் எவனோ ஒருவன் அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேலி செய்து எழுதியிருந்ததையும் படித்துவிட்டாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். அதற்கப்புறம் சில நாள் அவள் கை மடியிலேயே கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

நாமக்கல்லில் என் நண்பர் ஒருவர் வெப்சைட் வைக்க கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு விடுகிற சர்வர் தொழிலைச் சின்னதாக நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மூலையை வாங்கி, எங்களுக்கென்று ஒரு வெப்சைட் வைத்தேன். பார்க்கலாம், ஆனால் யாரும் எதுவும் எழுத முடியாது. அவளிடம் இதை விளக்கியபோது, விரல் நுனிகளைக் கூரைபோலச் சேர்த்துக் காட்டினாள். நம்ம ஊடா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவையும் அந்தக் கூரையோடுதான் தொடங்குவாள்.

அவள் கையால் சொல்வதை நான் சத்தமாகச் சொல்வேன். எனக்குக் கட்டைத் தொண்டை. "அம்மா எவ்வளவு பதனமா பேசறாங்க, நீங்க ஏலம் உடறாப்ல கத்தறீங்கப்பா" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வளையலைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மனைவி இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறையப் போட்டிருப்பாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது. அது மகளுக்காக. குழந்தையாக இருந்தபோது அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அழுவாள், கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்காது. வளையல் போட்டதும் அழுகை நின்றுவிட்டது. கொஞ்சம் பெரியவளானதும் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அம்மா எதையாவது கையால் சொல்லவேண்டும், வளையல் சத்தத்தை வைத்து மகள் கண்டுபிடிக்கவேண்டும். தூங்கு, வா, சோறு, மழை என்று பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லிவிடுவாள். அவளுடைய பேரை மட்டும் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. கைக்குழந்தையில் அம்மாவின் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாளாம், அதனால் காதருகே கையை இரண்டு முறை ஆட்டினால் அது மகள். என் சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், அதனால் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டினால் அது நான். நான் அந்த விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருப்பேன். எனக்கு எல்லாம் ஒரே சலசலப்புதான்.

மகள் நர்சிங் படிக்க சேலத்துக்குப் போனாள். ஹாஸ்டல். போனில் அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், எங்கள் ஊரில் சிக்னல் வருவது அதன் இஷ்டத்துக்கு. கை பாதியில் நின்றுவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். என் மனைவி எரிச்சலாகி எழுந்து போய்விடுவாள். அதனால் வீட்டில் வீடியோ எடுத்து, செம்மேட்டுக் கடையிலிருந்து வெப்சைட்டில் ஏற்ற ஆரம்பித்தேன். வெளியாட்கள் பார்க்கமுடியாதபடி மகளுக்கென்று ஒரு தனி போல்டர் வைத்தேன். ஏற்றி முடித்ததும் போனிலிருந்து அழித்துவிடுவேன். என் போனில் எப்போதும் இடம் இருக்காது. கடைக்கு வருகிறவர்களின் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் அதில்தான் படமெடுப்பேன்.

அந்த போல்டரில் கடைசியாகப் போனது, மிளகு பறிப்பு தொடங்கின சமயத்தில் ஒரு காலையில் தோட்டத்தில் எடுத்தது. அன்றைக்கே ஏற்றிவிட்டேன். பரீட்சை நேரம், முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றாள் மகள். அந்த வாரத்திலேயே அவள் அம்மா அடுப்படியில் விழுந்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இடது கையால் என்னிடம் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி கையில் பாதி சொல். வண்டி ஆட்டத்தில் அதுவும் புரியவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்ற இடது கையில் நரம்பு கிடைத்தது. அந்தக் கை அசைந்துகொண்டே இருக்கிறது என்று, அட்டை வைத்துத் துணியால் சுற்றி கட்டிலோடு கட்டினார்கள். வளையலை எல்லாம் அதற்கு முன்பே உடைத்து எடுத்திருந்தார்கள். நான் சண்டை போட்டேன். அது கை இல்லீங்க, அவ வாயிங்க, வாயைக் கட்டிப்போட்டிருக்கீங்க என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஊசி பிடுங்கிக்கொள்ளுமே என்று அந்த நர்ஸ் சொன்னதில் தப்பும் இல்லை. மகள் வந்து, கட்டியிருந்த விரல்களுக்கு அடியில் தன் கையை வைத்தாள். விரல்கள் அசைந்தன. என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. என் மனைவி அப்படியே போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து சேலத்துக்குத் திரும்புகிற அன்று மகள் சொன்னாள்: "அந்தக் கடைசி வீடியோவை நான் இன்னும் பாக்கலீங்கப்பா. பாக்காம வெச்சிருக்கப் போறேன். அம்மா எனக்குச் சொல்றதுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுன்னு நெனச்சுக்கறேன். படிப்பு முடிஞ்ச அன்னிக்குப் பாக்கறேன்."

எனக்கு அது சரியாகப் பட்டது. நானும் திறக்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை என்பது வேறு விஷயம்.

பழையவற்றை மட்டும் மகள் தினமும் ஒன்று பார்ப்பாள். நான் வாரத்துக்கொன்று பார்ப்பேன். அம்மா கூரை காட்டுவாள், ராகிக் களி கிண்டுவாள், பலாக்கொட்டையை நசுக்குவாள், என்னைத் திட்டுவாள். அவள் என்னைத் திட்டியதையும் நானேதான் வாயால் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாமக்கல் நண்பர் தொழிலை மூடுவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. முன்கூட்டியே சொன்னார், பொறுமையாகச் சொன்னார். "அண்ணா, எல்லாத்தையும் புது எடத்துக்கு மாத்திக்கங்க. மாத்தி, ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பறம்தான் நான் இங்க மூடுவேன்." வெளியூர் கம்பெனி ஒன்றில் புது சர்வர் வாங்கினேன். கடையில் உட்கார்ந்து எல்லா போல்டரையும் இழுத்துப் போட்டேன். அன்றைக்கு மலையில் ஒரே காற்று. நடுவில் கரண்ட் போனது, வந்தது. டவர் போனது, வந்தது. பாதியில் நின்றதை மறுபடி தொடரச் சொன்னேன். கடைசியில் முடிந்தது என்று காட்டியது. முடிந்தது என்று அது சொன்னால் முடிந்துதானே இருக்கவேண்டும்.

மறுநாள் சரிபார்த்தேன். முதலில் இருந்த சமையல் வீடியோக்களைக் கடையிலேயே உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக ஓடின. மகளுடைய போல்டர் வரிசையில் கடைசி. அதைப் பார்க்குமுன் வீட்டுக்கு வரவேண்டியதாகிவிட்டது, பறித்த மிளகு சாக்கில் கிடந்து சூடேறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் மிளகுக் கதிரைக் கொட்டிக் காலால் மிதித்துத்தான் நாங்கள் உதிர்ப்போம். மிதித்துக்கொண்டே சரிபார்த்துவிடலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டு, அந்த போல்டரை வரிசையாக ஓடவிட்டேன். சில நொடி ஓடும், அடுத்ததைத் தட்டுவேன். ஒவ்வொன்றிலும் என் கட்டைத் தொண்டை கணீரென்று கேட்டது. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது, எடுத்துப் பார்க்கவும் இல்லை. அந்தக் கடைசி வீடியோவை மகள் பார்க்குமுன் நான் பார்க்கக்கூடாது என்றும் இருந்தது. சத்தம் வந்தது, வீடியோ இருக்கிறது, போதும். நண்பருக்குப் போன் போட்டேன். "எல்லாம் வந்துருச்சுப்பா. நீ மூடிக்க."

கையால் பேசுகிறவளோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன், அவள் பேச்சு வந்துசேர்ந்ததா என்று காதை வைத்துச் சரிபார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள்.

மகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம், கடையில் ஒரு பெரியவருக்கு சிட்டா எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அப்பா, அம்மா வரமாட்டீங்கறாங்கப்பா."

எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் வீடியோவைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"என்ன வருது கண்ணு?"

"கறுப்பா இருக்குதுங்கப்பா. உங்க கொரல் மட்டும் வருது."

"நெட்டு ஸ்லோவா இருக்கும் சாமி. மூடிட்டு மறுக்காப் போடு" என்றேன். வழக்கமான தலைக்கனம். மூடிவிட்டுப் போட்டாள். தோழியின் போனில் போட்டாள். ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் போட்டாள். நான் பெரியவரை உட்காரவைத்துவிட்டு என் கம்ப்யூட்டரில் போட்டேன். கறுப்பு. கீழே ஓடுகிற கோடு பாட்டுக்கு ஓடுகிறது, நேரம் நகர்கிறது, நான் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் இல்லை. சமையல் வீடியோக்கள் ஓடின. மகளின் போல்டரிலும் முன்னால் இருந்தவை ஓடின. கடைசியில் இருந்த இரண்டு மூன்றுதான் கறுப்பு. அவற்றில் மற்றவற்றை மகள் முன்பே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், சர்வர் மாற்றிய பிறகுதான் பரீட்சை மும்முரத்தில் எதையும் பார்க்கவில்லை. யாருமே பார்க்காதது அந்தக் கடைசி ஒன்றுதான்.

"சரி பண்ணிடறேன் கண்ணு. ரெண்டே நிமிசம்" என்றேன்.

நான் என்னென்ன செய்தேன் என்று சொன்னால் இந்த வேலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பிரவுசரில் சேர்ந்திருந்த பழசையெல்லாம் துடைத்தேன். வேறு பிரவுசர் போட்டேன். இது வீடியோ பைல்தான் என்று சர்வருக்கு எடுத்துச் சொல்கிற அமைப்பு ஒன்று உண்டு, அதைத் திறந்து திருத்தினேன். பைல் பெயரில் இருந்த தமிழ் எழுத்துதான் புது சர்வருக்குப் பிடிக்கவில்லையோ என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். பெயரை மாற்றியதும் வந்துகொண்டிருந்த சத்தமும் போய்விட்டது. மாற்றிய பெயரைப் பழையபடி வைத்தேன். என் குரல் திரும்ப வந்தது. அதற்கு முன் என் குரலைக் கேட்டு நான் நிம்மதிப்பட்டதே கிடையாது. சர்வர் கம்பெனிக்கு எழுதினேன். பிரவுசரைத் துடைத்துப் பாருங்கள் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. நான் அதற்குத் தமிழில் மரியாதையில்லாமல் ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

கடைசியில் நாமக்கல் நண்பரைத்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அண்ணா, நம்ம பழைய சர்வர்ல வீடியோ ஏத்துனீங்கன்னா, அது ஒவ்வொண்ணையும் ரெண்டாப் பிரிச்சு வெச்சுக்கும். படம் ஒரு போல்டரு, சத்தம் ஒரு போல்டரு. மலைமேல சிக்னல் கம்மிங்கறதால படத்தை மட்டும் கொறைச்சு அனுப்பறதுக்கு அப்பிடி. அந்தக் கடைசி வீடியோவோட படம் இருக்கற போல்டரத் தொறந்து பாருங்க."

திறந்தேன். போல்டர் இருந்தது. அதன் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

சத்தம் சின்ன பைல், முதலில் வந்து சேர்ந்துவிட்டது. படம் பெரியது, காற்றடித்து டவர் போன நேரத்தில் வந்துகொண்டிருந்திருக்கும். போல்டர் ஏற்கெனவே வந்திருக்கிறதே என்று, மறுபடி தொடரும்போது கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விட்டது. இதை நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பழைய மெசின்ல இருக்குமில்லப்பா?"

"அண்ணா, அதைத் தொடச்சு வித்தாச்சுங்கண்ணா. எல்லாம் வந்துருச்சுன்னு நீங்க..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னும் என் போன் இருந்தது. அழித்ததை மீட்டுத் தருகிற கடை சேலத்தில் இருக்கிறது என்றார்கள். முதல் பஸ்ஸில் இறங்கிப் போனேன். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் அன்றைக்குச் சந்தை. மிளகு மூட்டையோடு எங்கள் ஊர்க்காரர்கள் இறங்கினார்கள், நான் இறங்காததைப் பார்த்து எங்கேங்க என்று கேட்டார்கள். சும்மா சேலம் வரைக்கும் என்றேன். மகளின் ஹாஸ்டல் இருக்கும் ஊருக்கே போய், அவளிடம் சொல்லாமல் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். பழைய படங்கள் சில வந்தன. அவள் வரவில்லை. அழித்த இடத்தில் புதுசு எழுதினால் பழசு போய்விடுமாம். அவள் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார். யார் யாருடையதோ ஆதார் கார்டுகள். நான் எடுத்த படங்கள்தான். சிரிக்காத முகங்கள் வரிசையாக என்னைப் பார்த்தன. அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் மேசை மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மகளிடம் ஹாஸ்டல் வாசலில் வைத்துச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவள் அம்மாவாக இருந்தால் இரண்டு கையாலும் பொளந்து கட்டியிருப்பாள். மகள் துப்பட்டா நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கே பாத்திருக்கோணும்ங்கப்பா. பெருசா சேத்து வெக்கறேன்னு வெச்சேன்." அப்புறம் கேட்டாள்: "சத்தம் இருக்குதல்லங்கப்பா?"

"இருக்குது கண்ணு."

"ஊட்டுக்குப் போய்க் கேக்கலாம்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மலையேறினோம். வளைவுகளில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள், தூங்கவில்லை. அவள் ஒன்று மட்டும் சொன்னாள். வார்டில் யாருக்காவது ஊசிக்காகக் கையைக் கட்டவேண்டி வந்தால், கட்டுமுன் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறாளாம். கூட இருப்பவர்கள் இதென்ன புதுப் பழக்கம் என்கிறார்களாம்.

வீட்டில் அடுப்படியில், அவள் அம்மா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். வேறு எங்கே உட்காருவது என்று எனக்குத் தோன்றவில்லை. வீடியோவைப் போட்டேன். கறுப்புக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகள் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம், சொல்லு" என்றது என் குரல். மனைவிக்குக் கேட்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். சேவல் கூவியது. காற்றில் சில்வர் ஓக் இலைகள் அடித்துக்கொண்டன. வளையல் குலுங்கியது.

"நல்லா இருக்கியாங்கறா. நேரத்துக்குத் திங்கறியாங்கறா. தலைக்கு எண்ணெ வெக்கறதேயில்லையாமா, போன வாட்டி போட்டாவுல பாத்தாளாமா." என் ஏலக் குரல். "வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்குதுங்கறா. ஒண்ணு சுத்தக் கறுப்பு, உனக்குத்தானாமா."

மகள் மூடிய கண்ணோடு சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பரவாயில்லை, சொன்னதெல்லாம் என் வாயில் இருக்கிறதே, கை போனாலும் சொல் தப்பிவிட்டதே என்று நினைத்தேன்.

அப்போது வேறொரு குரல் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர். எனக்கு மாப்பிள்ளை முறை.

"ஏனுங்க மாமா, மொளகு காஞ்சிருச்சுங்களா?"

"எங்கீங்க மாப்ளே காயறது? மானம் மூடிக் கெடக்கறதப் பாத்தீங்கல்ல?"

"ஒரு தார்ப்பாய் இருந்தாக் குடுங்க மாமா, நாளைக்குத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"அந்த ஆட்டுப்பட்டி மேல கெடக்குது பாருங்க. ஓரத்துல கிழிஞ்சிருக்கும்."

கிழிசலைப் பற்றிப் பேசினோம். சந்தைக்கு லாரி போகிறதா என்று பேசினோம். யார் வீட்டிலோ பன்றி புகுந்து மரவள்ளியைத் தோண்டியதைப் பேசினோம். என்ன அவசரமோ, எத்தனை சிரிப்போ. நான் பேசப் பேச, எனக்குப் பின்னால் வளையல் குலுங்கிக்கொண்டே இருந்தது. போனை அவள் பக்கமே பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வேலிப் பக்கம் திருப்பியிருப்பேன். அவள் நிறுத்தவில்லை. நான் பார்க்கிறேனா என்பது அவளுக்குப் பொருட்டில்லை. அவள் மகளிடம் அல்லவா பேசிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கப்பா. கொஞ்சம் பின்னால போங்க" என்றாள் மகள்.

பின்னால் போனேன். மாப்பிள்ளை மறுபடியும் தார்ப்பாய் கேட்டார். மகள் காதைப் போன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"இது நானு" என்றாள். "ரெண்டு வாட்டி, காதுகிட்ட. கேக்குதுங்களா? என்னையக் கூப்படறாங்க."

எனக்குக் கேட்கவில்லை. கேட்கிறது என்றேன்.

"இது நீங்க." அவள் கை தன்னையறியாமல் நெஞ்சில் தட்டியது. "வளையலு டப்புனு நின்னு போகுது பாருங்க. நெஞ்சுல தட்டுனா அப்பிடித்தான் நிக்கும். என்னையக் கூப்பட்டு, அப்பான்னு சொல்றாங்க."

"அப்பா... அப்பறம்?"

மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். நான் மறுபடி பின்னால் தள்ளினேன். மறுபடி கேட்டாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. வளையல் ஒரே சீராக நெடுநேரம் குலுங்கியது, ஓரிடத்தில் நின்றது, மெதுவாகத் தொடர்ந்தது. நின்ற இடத்தில் சிரித்தாளா, கண்ணைத் துடைத்தாளா, தலையில் விழுந்த இலையை எடுத்தாளா? அதற்குமேல்தான் மாப்பிள்ளை பன்றிக் கதையைச் சொல்கிறார், நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் கடைசிக் குலுங்கல்கள் முங்கிப்போயின.

"தெரியலீங்கப்பா" என்றாள் மகள்.

வீடியோவில் மாப்பிள்ளை போய்வருகிறேன் என்று கிளம்பினார். என் குரல் அருகே வந்தது. "ம்? என்ன சொன்னே? முடிஞ்சுதா?" உள்ளங்கைகள் உரசுகிற சத்தம். அது எனக்கே தெரிந்தது. அவள் பேச்சை முடிக்கிற விதம் அதுதான். "அவ்வளவுதாங்கறா" என்று நான் உரக்கச் சொன்னதோடு வீடியோ முடிந்தது.

அந்தக் கறுப்புக் குட்டி, இப்போது கிடாவாகிவிட்டது, வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனது.

"அந்த மாமா போனப்பறம் அம்மா பக்கம் திரும்புனீங்கல்லங்கப்பா, அப்ப அம்மா மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். எனக்கு உண்மையிலேயே வேண்டும், அந்த முகம். இந்த உலகத்தில் அன்றைக்கு அவள் எதிரே இருந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் காலை வெளிச்சம் ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு போன தார்ப்பாய் ஞாபகம் இருந்தது, நீல நிறம், ஓரத்தில் கிழிசல்.

"ஞாபகம் இல்ல கண்ணு" என்றேன்.

மகள் தலையாட்டினாள். என்னைப் பற்றி அவளிடம் என்னவோ சொல்லப்பட்டிருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள் என்றா, என்னோடு குப்பை கொட்ட முடியவில்லை என்றா, வேலியோரம் நின்று நான் வாயடிப்பதைக் காட்டிக் கேலி செய்தாளா? எது என்று தெரிந்தாலும் நான் ஒத்துக்கொள்வேன். வசவாக இருந்தாலும் சரிதான்.

அவள் போனை நிமிர்த்தி, முதலிலிருந்து மறுபடி போட்டு, பழையபடி கவிழ்த்து வைத்தாள். தரைக்குள்ளிருந்து வருவதுபோல என் குரல் உற்சாகமாக, "ம், சொல்லு" என்றது.